ஓட்டு யாருக்கு? 1800 முதல் 1850 வரையிலான அமெரிக்க மக்களாட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாறு என்றால் நம்மில் பலருக்கு 1776 தெரியும், அப்புறம் நேராக லிங்கன். நடுவில் உள்ள காலம் மங்கல்தான். ஆனால் கட்சி மாநாடு, தெருப் பிரசாரம், "எல்லா ஆண்களுக்கும் ஓட்டு" என்ற கோஷம் எல்லாம் அந்த நடுக்காலத்தில்தான் வளர்ந்தன. அதே காலத்தில்தான் பலரிடமிருந்து ஓட்டு பறிக்கவும்பட்டது. இந்த இரண்டையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும்.

1787 அரசமைப்பு மக்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததா?

யாருக்கு ஓட்டு என்று அது சொல்லவே இல்லை. ஒரு மாநிலச் சட்டமன்றத்தின் பெரிய அவைக்கு யாரெல்லாம் ஓட்டுப் போடலாமோ, அவர்களே நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கும் போடலாம் என்று மட்டும் எழுதிவிட்டு, மீதியை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. 1913 வரை அதுதான் முறை. அதிபரைத் தேர்ந்தெடுக்க, மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று அமைந்த தேர்வாளர் குழு. அந்தத் தேர்வாளர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா, சட்டமன்றமே நியமிக்கலாமா என்பதும் மாநிலத்தின் விருப்பம்.

பெரும்பாலான மாநிலங்கள் சொத்து உள்ள ஆண்களுக்கு மட்டும் ஓட்டு வைத்தன. வர்ஜீனியாவில் வீடு கட்டிய நிலமென்றால் 25 ஏக்கர், வெறும் நிலமென்றால் 50 ஏக்கர் இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவன் கூலி கொடுப்பவனின் சொல்லுக்குத்தான் ஓட்டுப் போடுவான் என்பது அன்றைய வாதம். பிரிட்டனிலிருந்து பிரிந்து வந்தவர்கள் பிரிட்டனிலிருந்தே கொண்டுவந்த வாதம் அது.

அப்படியானால் சொத்துத் தகுதி எப்படிப் போனது?

ஒரே நாளில் போகவில்லை. மேற்கே உருவான புதிய மாநிலங்களுக்குக் குடியேற ஆள் வேண்டும். வருகிறவனிடம் நிலப்பத்திரம் கேட்டால் அவன் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவான். வெர்மான்ட் 1791-லும் கென்டக்கி 1792-லும் சொத்துத் தகுதி இல்லாமலே ஒன்றியத்தில் சேர்ந்தன. இந்தியானா, இல்லினாய், அலபாமா எல்லாம் 1816 முதல் 1819-க்குள் அதே வழியில் வந்தன. பழைய மாநிலங்கள் பின்னால் இழுபட்டு வந்தன: கனெக்டிகட் 1818, மாசச்சூசெட்ஸ் 1821, நியூயார்க் 1821.

இரண்டாவது காரணம் படை. 1812-ல் பிரிட்டனோடு மீண்டும் போர் வந்தபோது நிலமில்லாதவர்களும் துப்பாக்கி தூக்கினார்கள். 1829-ல் வர்ஜீனியா தன் அரசமைப்பைத் திருத்த மாநாடு கூட்டியபோது, ரிச்மண்ட் நகரின் நிலமில்லாத ஆண்கள் ஒரு மனு அனுப்பினார்கள். அமைதிக் காலத்தில் வாக்குச்சாவடியிலிருந்து விரட்டப்படும் நாங்கள் போர் வந்தால் மட்டும் களத்துக்குத் தாராளமாக அழைக்கப்படுகிறோமே என்று அதில் குத்திக் காட்டினார்கள். அந்த மனுவை மாநாட்டில் முன்வைத்தவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். அப்படியும் வர்ஜீனியா சொத்துத் தகுதியை முழுதாகக் கைவிட 1851 வரை ஆனது.

மூன்றாவது, கட்சிப் போட்டி. நான் ஓட்டு வாங்கித் தந்தேன் என்று சொன்னால் அந்த ஓட்டு தனக்கே விழும் என்று எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது.

பெண்கள் ஓட்டுப் போட்ட மாநிலம் ஒன்று இருந்ததாமே?

ஆமாம், நியூஜெர்சி. அதன் 1776 அரசமைப்பு, ஐம்பது பவுண்டு சொத்துள்ள "எல்லாக் குடியிருப்பாளர்களும்" ஓட்டுப் போடலாம் என்றது. ஆண், வெள்ளையர் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. 1790-ல் வந்த தேர்தல் சட்டம் "அவன் அல்லது அவள்" என்றே எழுதியது. மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது என்பதால், நடைமுறையில் விதவைகளும் மணமாகாத பெண்களும்தான் போட்டார்கள். சொத்துள்ள கருப்பினத்தவரும் போட்டார்கள்.

1807-ல் எசெக்ஸ் மாவட்ட நீதிமன்றத்தை எந்த ஊரில் கட்டுவது என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நுவார்க்குக்கும் எலிசபெத்டவுனுக்கும் மானப் பிரச்சினை. ஒரே ஆள் பல தடவை ஓட்டுப் போட்டார், சில ஆண்கள் பெண் வேடம் போட்டு மறுபடியும் வந்தார்கள் என்றெல்லாம் புகார். முடிவு ரத்தானது. இனி முறைகேடு நடக்கக் கூடாது என்று அதே ஆண்டு சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: வரி கட்டும் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு. ஆண்கள் செய்த திருட்டுத்தனத்துக்குத் தண்டனை பெண்களுக்கும் கருப்பினத்தவருக்கும்! அதே சட்டம் ஏழை வெள்ளை ஆண்களுக்கு இருந்த தடையைத் தளர்த்தியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெள்ளையருக்குக் கதவு திறந்தபோது கருப்பினத்தவருக்கு என்ன ஆயிற்று?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1821-ல் ஆல்பனியில் நியூயார்க் அரசமைப்பு மாநாடு கூடியது. அதுவரை சொத்துத் தகுதி எல்லோருக்கும் பொது. சொத்துள்ள சுதந்திரக் கருப்பினத்தவர் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மேட்டுக்குடிக்காரர்களின் பழைய கட்சியான பெடரலிஸ்ட் கட்சிக்கே போட்டார்கள். மாநாட்டில் கை ஓங்கியிருந்தது எதிர்க்கட்சி, அதாவது பின்னாளில் அதிபரான மார்ட்டின் வான் பியூரன் போன்றோரின் கட்சி. நீதிபதி ஜேம்ஸ் கென்ட் எழுந்து, எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தால் சொத்துக்குப் பாதுகாப்பு போய்விடும் என்று எச்சரித்தார். பழமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட்டு மாநாடு முன்னே போனது. வரி கட்டுகிற, படையில் சேவை செய்த, அல்லது சாலை வேலை செய்த வெள்ளை ஆண் எவரும் ஓட்டுப் போடலாம் என்று ஆனது. 1826-ல் அந்த நிபந்தனைகளும் போயின.

கருப்பின ஆணுக்கு? 250 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்று அதே மாநாடு புதிதாகத் தகுதி வைத்தது. அன்றாடக் கூலி ஒரு டாலரைத் தொடுவதே பெரிது என்றிருந்த காலம் அது. பெடரலிஸ்ட் தரப்பில் பீட்டர் அகஸ்டஸ் ஜே எதிர்த்துப் பேசினார். கருப்பினத்தவரை அடியோடு விலக்கும் முன்மொழிவு தோற்றது, அதற்குச் சமரசமாக இந்த 250 டாலர் வந்தது. நியூயார்க்கில் நான்கு ஆண்டு கழித்து, இன்றைய சென்ட்ரல் பார்க் இருக்கும் இடத்தில், கருப்பினத்தவர் மனை வாங்கி செனெக்கா வில்லேஜ் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். நிலம் என்றால் அவர்களுக்கு வீடு மட்டுமில்லை, ஓட்டும்கூட. 1857-க்குள் பூங்காவுக்காக அதை இடித்துவிட்டார்கள்.

இனி கவனியுங்கள். யார் மக்களாட்சியை விரிவாக்க வந்தார்களோ அவர்கள்தான் இதைச் செய்தார்கள். மக்களாட்சிக்குப் பயந்த பழைய மேட்டுக்குடிக்காரர்களில் சிலர்தான் கருப்பினத்தவருக்காகப் பேசினார்கள். சொத்து என்ற வேலி இருந்தவரை நிறம் என்ற வேலி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. முதல் வேலியைப் பிடுங்கியபோது இரண்டாவதை நட்டார்கள்.

இது நியூயார்க்கோடு நிற்கவில்லை. டென்னசி 1834-லும் வட கரோலினா 1835-லும் சுதந்திரக் கருப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தன. பென்சில்வேனியாவில் பக்ஸ் மாவட்டத்தில் 1837-ல் சொற்ப வித்தியாசத்தில் தோற்ற ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பழியைக் கருப்பினத்தவரின் ஓட்டின்மேல் போட்டார்கள். அடுத்த ஆண்டு மாநில அரசமைப்பில் "வெள்ளையர்" என்ற சொல் நுழைந்தது. பிலடெல்பியாவின் ராபர்ட் பர்விஸ், உரிமை பறிபோகும் நாற்பதாயிரம் பேரின் பெயரில் ஒரு முறையீடு எழுதினார். பயன் இல்லை. 1819-க்குப் பிறகு உள்நாட்டுப் போர் வரை ஒன்றியத்தில் சேர்ந்த மாநிலங்களில் மெய்ன் தவிர எதுவும் கருப்பினத்தவருக்கு ஓட்டு கொடுக்கவில்லை.

1824 தேர்தலை ஏன் "ஊழல் பேரம்" என்கிறார்கள்?

நான்கு பேர் போட்டி. ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37. பெரும்பான்மைக்கு 131 வேண்டும். யாருக்கும் இல்லை. அரசமைப்பின்படி முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. நான்காமிடத்தில் இருந்த கிளே போட்டியில் இல்லை, ஆனால் அந்தச் சபையின் தலைவர் அவரே. தன் ஆதரவை ஆடம்ஸுக்குத் திருப்பினார். கென்டக்கிச் சட்டமன்றம் ஜாக்சனுக்குப் போடச் சொல்லித் தீர்மானம் அனுப்பியும், அந்த மாநிலப் பிரதிநிதிகள் ஆடம்ஸுக்கே போட்டார்கள். 1825 பிப்ரவரி 9 அன்று 24 மாநிலங்களில் 13 பெற்று ஆடம்ஸ் அதிபரானார். சில நாளில் கிளேவுக்கு வெளியுறவுத் துறை கிடைத்தது.

பேரம் நடந்ததற்குச் சான்று இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் மக்கள் வாக்கிலும் முன்னணியில் இருந்த ஜாக்சன் வீட்டுக்குப் போனார், இரண்டாமவர் வெள்ளை மாளிகைக்குப் போனார். "மக்கள் தேர்ந்தெடுத்தவனை அரசியல்வாதிகள் கவிழ்த்தார்கள்" என்ற ஒரே வரியை வைத்து ஜாக்சன் தரப்பு நான்கு ஆண்டு பிரசாரம் செய்தது. 1828-ல் அவருக்கு 178, ஆடம்ஸுக்கு 83.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1824-ல் ஆறு மாநிலங்களில் தேர்வாளர்களைச் சட்டமன்றங்களே நியமித்தன. 1832-க்குள் தென் கரோலினா மட்டும்தான் பாக்கி. வாக்களிக்கத் தகுதியுள்ளோரில் 1824-ல் கால்வாசிப் பேருக்குச் சற்று மேல் வந்தார்கள், 1828-ல் பாதிக்கு மேல், 1840-ல் சுமார் 80 சதவீதம். இன்றைய அமெரிக்கா பொறாமைப்படும் கணக்கு.

அன்றைக்கு ஓட்டுப் போடுவது எப்படி இருந்தது?

சத்தமாக இருந்தது. வர்ஜீனியா, கென்டக்கி போன்ற இடங்களில் வாக்காளர் எழுந்து நின்று தன் பெயரையும் வேட்பாளர் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும், எழுத்தர் பதிவு செய்வார். நிலச்சுவான்தாரும் கடன் கொடுத்தவரும் பக்கத்திலேயே நிற்பார்கள். மற்ற இடங்களில் சீட்டு. ஆனால் அந்தச் சீட்டை அச்சிட்டது அரசு இல்லை, கட்சி. தங்கள் ஆட்களின் பெயரை அச்சிட்டுக் கட்சிக்காரர்கள் தெருவில் நீட்டுவார்கள். கலர் காகிதமாக இருந்தால் யார் யாருக்குப் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டு 1888-ல்தான் தலைகாட்டியது.

சாராயம் தாராளம். 1840-ல் ஜாக்சனின் கட்சியை எதிர்த்த விக் கட்சி, வசதியான குடும்பத்தில் பிறந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடிசையில் ஆப்பிள் கள் குடிக்கும் எளியவராகக் காட்டி, ஊர் ஊராகக் குடிசைப் பொம்மையோடு ஊர்வலம் போனது. ஜெயித்தும் விட்டது. நம் ஊர்த் தேர்தல் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. நாடு முழுக்க ஒரே நாளில் அதிபர் தேர்தல் என்பதே 1845 சட்டத்துக்குப் பிறகுதான்.

ஜாக்சன் உண்மையிலேயே எளிய மக்களின் தலைவரா?

எளிய குடும்பத்தில் பிறந்தவர், அதில் சந்தேகம் இல்லை. 1829 மார்ச் 4 பதவியேற்பன்று கூட்டம் வெள்ளை மாளிகைக்குள் புகுந்து பீங்கான் பாத்திரங்களை உடைத்ததும் உண்மைதான். 1832-ல் தேசிய வங்கியின் உரிம நீட்டிப்பை ரத்து செய்து எழுதிய செய்தியில், பணக்காரர்கள் அரசாங்கத்தைத் தங்கள் சுயநலத்துக்கு வளைக்கிறார்கள் என்று தாக்கினார். அதே ஆள் டென்னசியில் ஹெர்மிட்டேஜ் தோட்டத்தின் முதலாளி. கடைசிக் காலத்தில் அவரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள்.

அரசு வேலை எந்தச் சாதாரண மனிதனாலும் செய்யக்கூடியது, எனவே ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்க அழகாக இருக்கிறது. முதல் ஒன்றரை ஆண்டில் அவர் மாற்றியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் கட்சிக்கு உழைத்தவனுக்கே பதவி என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரியாக அவர் போட்ட சாமுவேல் ஸ்வார்ட்வௌட் பத்து லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு 1838-ல் ஐரோப்பாவுக்கு ஓடிவிட்டார்.

செரோக்கி மக்கள் இந்தக் கதையில் எங்கே வருகிறார்கள்?

நடுவில் வருகிறார்கள். ஓரத்தில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம் என்றாலும்.

ஜார்ஜியாவிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் வாழ்ந்த பூர்வகுடிகளான செரோக்கிகள், வெள்ளையர் "நாகரிகம்" என்று சொன்ன எல்லாவற்றையும் செய்து காட்டியவர்கள். சீக்வோயா என்பவர் 1821 வாக்கில் அவர்கள் மொழிக்கு எழுத்து அமைத்தார். 1827-ல் எழுதப்பட்ட அரசமைப்பை ஏற்றார்கள்: இரு அவைச் சட்டமன்றம், நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். 1828-ல் தலைநகர் நியூ எக்கோட்டாவிலிருந்து எலியாஸ் பூடினோ ஆசிரியராக இருந்து செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் ஒரு செய்தித்தாள் நடத்தினார். அந்த அரசமைப்பும் குற்றமற்றது அல்ல. பெண்களுக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் அதில் ஓட்டில்லை. 1835 கணக்கெடுப்பில் செரோக்கிகளிடம் சுமார் 1,600 அடிமைகள் இருந்தார்கள்.

அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது. 1830-ல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது. அமெரிக்க மக்கள் எல்லோரும் சேர்ந்து அதை ஆதரித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். செனட்டர் தியோடர் ஃப்ரீலிங்ஹைசன் மூன்று நாளாக ஆறு மணி நேரம் எதிர்த்துப் பேசினார். கேத்தரின் பீச்சர் தொடங்கிய இயக்கத்தில் பெண்கள் ஊர் ஊராக மனு அனுப்பினார்கள். அமெரிக்கப் பெண்கள் நாடாளுமன்றத்தை நோக்கி நடத்திய முதல் பெரிய மனு இயக்கம் இதுதான். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியின் பிரதிநிதி டேவி கிராக்கெட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். பிரதிநிதிகள் சபையில் சட்டம் 102–97 என்று நூலிழையில் தப்பியது.

இங்கே யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி. அந்தச் சட்டத்துக்கு எதிரான பிரசாரத்தைப் புனைபெயரில் கட்டுரைகள் எழுதி முன்னெடுத்த ஜெரமையா எவர்ட்ஸ், 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேலை செய்த, வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவிய அதே அமெரிக்கன் மிஷன் சபையின் செயலாளர். செரோக்கிகளிடையே வேலை செய்த சாமுவேல் வூஸ்டரை அனுப்பியதும் அதே சபைதான். ஜார்ஜியாவின் அனுமதியில்லாமல் செரோக்கி நிலத்தில் தங்கியதற்காக வூஸ்டரை நான்கு ஆண்டு கடுங்காவலில் போட்டார்கள். அவர் வழக்கில்தான் 1832-ல் உச்ச நீதிமன்றம், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் அவர் வெளியே வந்தது 1833 ஜனவரியில்தான், அதுவும் ஆளுநரின் தயவில்.

அதற்குள் ஜார்ஜியா என்ன செய்துகொண்டிருந்தது? குலுக்கல். செரோக்கி நிலத்தை 160 ஏக்கர் மனைகளாகவும், தங்கம் இருக்கும் பகுதியை 40 ஏக்கர் துண்டுகளாகவும் அளந்து, தன் வெள்ளைக் குடிமக்களின் பெயர்களை உருளையில் போட்டுக் குலுக்கியது. மணமாகாத இளைஞனுக்கு ஒரு சீட்டு, குடும்பஸ்தனுக்கு இரண்டு, விதவைக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பங்கு. பணக்காரன், ஏழை என்ற பேதம் இல்லை. இதைவிடச் சமத்துவமான நிலப் பங்கீட்டை அந்தக் காலத்து ஐரோப்பாவில் பார்க்க முடியாது. பங்கிடப்பட்டது பிறர் வீடு. 1835-ல் வாஷிங்டனில் பேச்சுவார்த்தை முடித்துத் திரும்பிய செரோக்கித் தலைவர் ஜான் ராஸ், தன் வீட்டில் குலுக்கலில் ஜெயித்தவர் குடியிருப்பதைக் கண்டார்.

அந்த ஆண்டு டிசம்பரில், அதிகாரம் இல்லாத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி நிலத்தை ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார்கள். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு ராஸ் எதிர்ப்பு மனு கொண்டுபோனார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஒரே ஒரு ஓட்டு மாறி விழுந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்ற நிலையில் ஒப்பந்தம் நிறைவேறியது. 1838-ல் சுமார் 16,000 பேரை ராணுவம் வைத்துக் கிளப்பினார்கள். முகாம்களிலும் வழியிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பூடினோவை அடுத்த ஆண்டு அவருடைய சொந்த மக்களே கொன்றார்கள்.

"மார்ஷல் தீர்ப்பு சொன்னார், அவரே நிறைவேற்றட்டும்" என்று ஜாக்சன் சொன்னாரா?

வூஸ்டர் வழக்கின் தீர்ப்பைப் பற்றி ஜாக்சன் சொன்னதாக உலவும் வாசகம் இது. அநேகமாக அவர் சொல்லவில்லை. அந்த வாசகம் அச்சில் வந்தது ஜாக்சன் இறந்து பல ஆண்டு கழித்து. தீர்ப்பு பிறக்கும்போதே செத்துவிட்டது என்ற பொருளில் நண்பர் ஜான் காஃபிக்கு அவர் எழுதிய கடிதம் உண்டு. மனநிலை ஒன்றுதான்.

அடிமைகளுக்கு ஓட்டில்லை. பிறகு ஏன் அவர்களைக் கணக்கில் சேர்த்தார்கள்?

எஜமானர்களின் பலத்தைக் கூட்டத்தான். பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணலாம் என்று அரசமைப்பு அனுமதித்தது. இடம் கூடினால் தேர்வாளர் எண்ணிக்கையும் கூடும். 1800 அதிபர் தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்கு, ஜான் குவின்சியின் தந்தை ஜான் ஆடம்ஸுக்கு 65. அந்தக் கூடுதல் இடங்கள் இல்லாவிட்டால் ஆடம்ஸ் வென்றிருப்பார் என்று கணக்குப் போட்டுக் காட்டிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. மேலே பார்த்த 102–97 வாக்கெடுப்பிலும் வித்தியாசம் ஐந்துதான், தென் மாநிலங்களுக்கு இந்தக் கணக்கால் கிடைத்திருந்த கூடுதல் இடங்கள் அதைவிட அதிகம். முதல் பன்னிரண்டு அதிபர்களில் வாழ்வில் ஒருபோதும் அடிமை வைத்திராதவர்கள் இருவரே: தந்தை ஆடம்ஸ், மகன் ஆடம்ஸ்.

1800-ல் ஒன்பது லட்சத்தை நெருங்கிய அடிமைகளின் தொகை 1830-ல் இருபது லட்சமானது. பருத்தி அந்த வேகத்தில் வளர்ந்தது.

ஓட்டில்லாதவர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லவே இல்லை. மனு, அச்சகம், கூட்டம் மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. ஓட்டைப் பறித்தாலும் மனு எழுதும் உரிமையைப் பறிக்க முடியாது, அது அரசமைப்பின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. 1830-களில் அடிமைமுறையை எதிர்த்து வந்த மனுக்கள் நாடாளுமன்ற மேசைகளில் குவிந்தன. கையெழுத்திட்டவர்களில் பெண்கள் ஏராளம்.

1836-ல் பிரதிநிதிகள் சபை ஒரு விதி போட்டது: அடிமைமுறை பற்றிய மனு எதுவும் விவாதத்துக்கு வராது, அப்படியே ஒதுக்கி வைக்கப்படும். அதை எதிர்த்துத் தனியாகவே மல்லுக்கட்டியவர், அதிபர் பதவி போனபின் சாதாரண உறுப்பினராகத் திரும்பி வந்திருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ். 1837-ல் ஒருநாள் எழுந்து, அடிமைகளிடமிருந்தே வந்த மனு ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதைச் சமர்ப்பிக்கலாமா என்று வெகு அப்பாவியாகக் கேட்டார். சபை கொதித்தது. அவரைக் கண்டிக்க வேண்டும் என்று கத்தினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மனு அடிமைமுறையை ஆதரித்து எழுதப்பட்டிருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றில் எனக்குப் பிடித்த குறும்பு இது. விதி 1844 டிசம்பரில் ரத்தானது.

சபைக்கு வெளியே விஷயம் இவ்வளவு வேடிக்கையாக இல்லை. 1835-ல் சார்லஸ்டனில் அஞ்சலகத்தை உடைத்து அடிமை எதிர்ப்புப் பிரசுரங்களைத் தெருவில் எரித்தார்கள். 1837-ல் இல்லினாயின் ஆல்ட்டனில் பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாயைத் தன் அச்சகத்தைக் காக்க நின்றபோது ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1838 மே மாதம் பிலடெல்பியாவில் அடிமை எதிர்ப்பாளர்கள் புதிதாகக் கட்டிய பென்சில்வேனியா ஹால் திறந்த சில நாளிலேயே கொளுத்தப்பட்டது.

இந்தக் கூட்டங்களில் பேசப் பழகிய பெண்கள்தான் பிறகு தங்களுக்காகவும் பேசினார்கள். 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனெக்கா ஃபால்ஸ் ஊரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்ட அறிக்கை, 1776 பிரகடனத்தின் வாசக அமைப்பையே எடுத்துக்கொண்டு, அரசன் இருந்த இடத்தில் ஆணை வைத்தது.

ரோட் ஐலண்டில் ஓட்டுக்காகக் கலகமே நடந்ததாமே?

நடந்தது. இந்தக் காலத்தின் குழப்பம் அத்தனையையும் அந்தக் குட்டி மாநிலத்தில் பார்க்கலாம். அது 1663-ல் இங்கிலாந்து அரசர் கொடுத்த சாசனத்தையே 1843 வரை அரசமைப்பாக வைத்திருந்தது. 134 டாலர் நிலம் இருந்தால்தான் ஓட்டு. நூற்பாலைகள் பெருகிய மாநிலத்தில் வெள்ளை ஆண்களிலேயே பாதிக்கு மேல் வெளியே நின்றார்கள். தாமஸ் டோர் என்ற வழக்கறிஞர் தலைமையில் 1841-ல் தாங்களே ஒரு மாநாடு கூட்டி, தாங்களே அரசமைப்பு எழுதி, தாங்களே வாக்கெடுப்பு நடத்தி, டோரை ஆளுநராகவும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு மாநிலத்துக்கு இரண்டு அரசு. 1842 மே மாத இரவில் டோரின் ஆட்கள் பிராவிடன்ஸ் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனார்கள். அவர்களுடைய பீரங்கி வெடிக்கவில்லை. கலகம் கலைந்தது.

டோர் தரப்பு எழுதிய "மக்கள் அரசமைப்பு" வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு என்றது. டோர் அதை எதிர்த்தார், தோற்றார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இளைஞர் ஃபிரெடரிக் டக்ளஸும் ஊர் ஊராகப் போய் அந்தச் சொல்லுக்கு எதிராகப் பேசினார். கைவிடப்பட்ட கருப்பினத்தவர் பழைய சாசன அரசின் பக்கம் நின்று பிராவிடன்ஸ் வீதிகளில் காவல் காத்தார்கள். நன்றிக்கடனாக 1843-ல் நடைமுறைக்கு வந்த புதிய அரசமைப்பு அவர்களுக்கு ஓட்டு கொடுத்தது. அயர்லாந்திலிருந்து வந்து குடியுரிமை பெற்ற ஆலைத் தொழிலாளிக்கோ நிலத் தகுதி 1888 வரை நீடித்தது. டோருக்கு ஆயுள் கடுங்காவல் விதித்தார்கள், 1845-ல் விட்டுவிட்டார்கள்.

தோக்வில் இதையெல்லாம் பார்த்தாரா?

பெரும்பகுதியைப் பார்த்தார். அமெரிக்க மக்களாட்சி பற்றிப் புகழ்பெற்ற புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் அலெக்சி தோக்வில் 1831 மே மாதம் 25 வயதில் வந்திறங்கினார், சிறைகளை ஆராய்வதற்காக. ஒன்பது மாதம் சுற்றினார். அவர் அமெரிக்காவின் சங்கங்களையும் உள்ளாட்சியையும் புகழ்ந்ததைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் மெம்பிஸில் நின்று, வெளியேற்றப்பட்ட சாக்டா என்ற பூர்வகுடி மக்கள் முதியவர்களோடும் நோயாளிகளோடும் மிசிசிப்பியைக் கடந்ததை நேரில் கண்டு எழுதியதை அவ்வளவாகக் காட்டுவதில்லை. பென்சில்வேனியாவில் ஒருவரிடம், சட்டப்படி உரிமை இருந்தும் கருப்பினத்தவர் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை என்று கேட்டார். பெரும்பான்மைக்குப் பிடிக்காத சட்டத்தைக் காக்க அதிகாரிகளுக்குத் தெம்பில்லை என்ற பொருளில் பதில் வந்தது. பெரும்பான்மையின் கொடுங்கோன்மை பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் அந்த உரையாடல் இருக்கிறது.

அன்றைய பிரிட்டனோடு ஒப்பிட்டால்?

வெள்ளை ஆண்களைப் பொறுத்தவரை அமெரிக்கா வெகுதூரம் முன்னே. பிரிட்டனில் 1832 சீர்திருத்தத்துக்குப் பிறகும் வயது வந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டில்லை. ஆனால் 1833-ல் தன் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டதும் அந்த ஓட்டில்லாத நாட்டின் நாடாளுமன்றமே.

இந்தத் தடைகளைப் பற்றிச் சாதாரண வாக்காளரிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் நீக்கியிருப்பார்களா?

நியூயார்க் கேட்டுப் பார்த்தது, மூன்று தடவை. 1821-ல் வைத்த 250 டாலர் தகுதியைக் கருப்பினத்தவருக்கும் நீக்கலாமா என்று 1846-ல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பெரும் வித்தியாசத்தில் தோற்றது. 1860-ல் மறுபடியும். அதே நாளில் அதே வாக்காளர்கள் லிங்கனை அந்த மாநிலத்தில் ஜெயிக்க வைத்தார்கள், இந்தத் திருத்தத்தைத் தோற்கடித்தார்கள். உள்நாட்டுப் போரெல்லாம் முடிந்து 1869-ல் மூன்றாம் முறை கேட்டபோதும் "வேண்டாம்" என்றே பதில். நிறத்தின் பெயரால் ஓட்டை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாம் திருத்தத்துக்கு நியூயார்க் சட்டமன்றம் 1869 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது. ஆட்சி மாறியதும் 1870 ஜனவரியில் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் போட்டது. அதற்குள் போதுமான மாநிலங்கள் சேர்ந்துவிட்டதால் மார்ச் 30 அன்று திருத்தம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 250 டாலர் தகுதி செல்லாமல் போனது அதனால்தான்.